மேஸ்திரிக்கும் எனக்கும் புரிகிற ஒப்பந்தம்

2025 ஜனவரி 12, தக்கலை

ஊருக்கு வெளியே சரிவான எங்கள் ஏழு சென்ட் மனையில் வீடு கட்டத் தீர்மானித்துவிட்டோம். கணவர் மஸ்கட்டில் இருப்பதால் பொறுப்பு முழுவதும் என்னுடையது. இன்று மேஸ்திரி வந்து, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று விலை சொன்னார். வரைபடத்தின்படி 1,150 சதுர அடி; ஆக 26,45,000 ரூபாய். ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் சற்று வாடியது. "நம்ம ஊருக்குள்ளதானே டீச்சரே, வாய்ச்சொல் போதாதா?" என்றார்.

அவர்மேல் எனக்கு ஐயம் ஏதும் இல்லை. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் வீடு கட்டியபோது நடந்ததை நான் மறக்கவில்லை. அங்கே ஒப்பந்தம் இருக்கத்தான் செய்தது. "மேற்படி கட்டடத்தை மேற்படியார் சிறந்த முறையில் உரிய காலத்தில் முடித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்" என்று முத்திரைத்தாளில் அழகாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். சிறந்த முறை எது, உரிய காலம் எத்தனை நாள் என்பது அதில் எங்கும் இல்லை. முடிவில் சன்ஷேடுக்கும் சேர்த்துச் சதுர அடிக் கணக்குப் போட்டார் காண்டிராக்டர். பல மாதம் இழுபறியாகி, கேட்ட தொகையில் பாதியை அண்ணன் கொடுத்துத் தீர்த்தார். இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

2025 ஜனவரி 19

இந்த வாரம் இரவுகளில் ஒப்பந்தத்தை நானே எழுதிப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஜே.சி.டி. என்னும் அமைப்பு, வீட்டில் வேலை செய்விக்கும் சாதாரணக் குடும்பத்தாருக்கென்றே எளிய ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தப் படிவம் வெளியிட்டிருக்கிறது. வேலை நேரம் என்ன, தண்ணீரும் மின்சாரமும் யாருடையவை, பணியாளர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள் என்பது போன்ற கேள்விகளை அது முன்கூட்டியே கேட்டுவிடுகிறது. அதை மொழிபெயர்த்தால் நம் ஊருக்குப் பொருந்தாது என்பதால் கேள்வி கேட்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சட்டம் தெரிந்த சிலர், பத்திர நடையில் எழுதாவிட்டால் செல்லாது என்று பயமுறுத்தினார்கள். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை கிடையாது. மாறாக, பொருள் நிச்சயமில்லாததும் நிச்சயப்படுத்த முடியாததுமான ஒப்பந்தம் செல்லாது என்று அதன் 29 ஆம் பிரிவு கூறுகிறது. தெளிவு வேண்டும் என்று சட்டமே கேட்கும்போது "மேற்படி"களை நான் ஏன் சுமக்க வேண்டும்?

கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பு என்பதை 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தச் சட்டம் வீடு கட்டி விற்பவர்களுக்கு உரியது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் எனக்கு அது தானாகக் கிடைக்காது. ஆகவே அஸ்திவாரம், தூண், பீம், கூரை ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு என்று நாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

2025 ஜனவரி 26

பள்ளியில் கொடியேற்றம் முடிந்து வந்ததும் மேஸ்திரியை வரச்சொன்னேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒப்பந்தத்தை நான் படித்துக் காட்டாமல் அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் தடுமாறும் இடமெல்லாம் என் எழுத்தின் குற்றம் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் தடுமாற்றம் "உள்ளடங்கலாக" என்ற சொல்லில் வந்தது. விரலை அதன்மேல் வைத்து நிறுத்தி, "இது எதுக்குள்ள அடங்கியது டீச்சரே?" என்று கேட்டார். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, "சதுர அடி என்பது சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளக்கும் தளப் பரப்பு. சன்ஷேடுக்குத் தனிப் பணம் இல்லை" என்று எழுதினேன். அவர் உடனே மறுத்தார். சன்ஷேடைப் பாதியாகக் கணக்கிடுவதுதான் அவர் வழக்கம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு ஜன்னலுக்கும் சேர்த்து 96 சதுர அடி. அதில் பாதிக்கு 1,10,400 ரூபாய்! ஒரு மணி நேரம் பேசி, தனிப் பணம் இல்லை என்றும், அதற்கு ஈடாகத் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நான் செலவு செய்வது என்றும் முடிவாயிற்று. அண்ணனைப் பல மாதம் அலைக்கழித்த தகராறு, அடித்தளத்துக்கு மண் வெட்டும் முன்பே எங்கள் திண்ணையில் தீர்ந்துவிட்டது.

அடுத்தது பேஸ்மட்டம், அதாவது மண்ணுக்கு மேல் வீட்டின் தரை எழும் உயரம். இரண்டடி உயரம் என்று எழுதியிருந்தேன். "எந்த மூலையிலிருந்து?" என்றார். சரிவான மனையில் மேல் மூலையிலிருந்து இரண்டடி என்றால் கீழ் மூலையில் ஐந்தடியாகிவிடும். இருவரும் மனைக்கே போய், சாலையோரத்து அயனி மரத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டோம். "அயனி மரத்துச் சிவப்புக் கோட்டின் மட்டமே தரையின் மட்டம்" என்பது இப்போது ஒப்பந்தத்தின் நான்காம் வாக்கியம்.

கதவு நிலைக்கு "நல்ல மரம்" என்றிருந்ததை, "வெள்ளை படாத, வைரம் பாய்ந்த அயனி" என்று அவரே திருத்தினார். அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது.

தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் பிடித்தம் என்பதைப் படித்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க பணம் தர தாமதிச்சா?" என்றார். நியாயமான கேள்வி. தவணை ஏழு நாளுக்கு மேல் தாமதமானால் அவர் வேலையை நிறுத்தலாம், அந்த நாள்கள் அவருடைய கெடுவோடு சேரும் என்று எழுதினேன். ஒரு பக்கத்தாரை மட்டும் கட்டிப்போடும் தாளை என்னால் ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது.

2025 பிப்ரவரி 3

ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து; அவரவருக்கு ஒரு பிரதி. முன்பணம் 10 சதவீதம் கொடுத்தேன்.

2025 ஏப்ரல் 6

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபின், சமையலறையில் இன்னொரு ஜன்னல் வேண்டும் என்று கணவர் தொலைபேசியில் சொன்னார். எழுதாமல் மாற்றம் இல்லை என்பது எங்கள் விதி. மாற்ற நோட்டில் மேஸ்திரி 18,400 ரூபாய், கூடுதலாக மூன்று நாள் என்று எழுதினார். கணவர் தொகையைக் கேட்டுச் சற்று முணுமுணுத்தார். நோட்டைப் படமெடுத்து அனுப்பினேன், சம்மதித்தார். கையெழுத்துப் போட்ட பிறகே கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

2025 மே 13

கூரை வார்த்து ஒன்பது நாள். வேறொரு வேலையிடத்துக்கு, கான்கிரீட்டைக் கீழிருந்து தாங்கும் முட்டுகள் தேவைப்படுவதால் பிரித்துக்கொள்ளட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். ஹாலின் பீம் பதினாறடி நீளம். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமின் கீழ் முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும் என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் பொதுவான அளவு. அதை நாள் கணக்காகவே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, "எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கான்கிரீட் நன்றாக இறுகுவதற்காகக் கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் 14 நாள் தொடரும்.

கூரைக்கான 25 சதவீதத்தை இரண்டாகப் பிரித்திருந்தோம்: வார்த்த அன்று 15, முட்டுப் பிரித்து ஒழுக்கு இல்லை என்று பார்த்தபின் 10. "கூரை முடிந்ததும்" என்று மட்டும் எழுதியிருந்தால் முழுத் தொகையும் அன்றே என் கையை விட்டுப் போயிருக்கும்.

2025 மே 25

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இந்த முறை முந்திக்கொண்டது. கேரளத்தில் மழை நேற்றே தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்திருக்கிறது. எங்கள் ஒப்பந்தப்படி, மழையால் காலை பத்து மணிக்குள் வேலை தொடங்க முடியாத நாளே மழைநாள்; அது கெடுவில் சேராது. அன்று மாலையே நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். குடையோடு போய் இன்றைய நாளுக்குக் கையெழுத்திட்டேன். கூரையில் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, உள்ளே வந்து ஒவ்வோர் அறையிலும் அண்ணாந்து பார்த்தோம். ஈரம் எங்கும் இல்லை. மீதி 10 சதவீதமான 2,64,500 ரூபாயை நாளை வங்கியில் செலுத்த வேண்டும்.

2025 செப்டம்பர் 14

சாவி கைக்கு வந்தது. மழைநாள்களைக் கழித்தால் கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாகவே முடித்துவிட்டார். 5 சதவீதம், அதாவது 1,32,250 ரூபாய், குறை தெரிந்தால் சரிசெய்வதற்குப் பிணையாக ஆறு மாதத்துக்கு என்னிடம் நிற்கும்.

2025 அக்டோபர் 5

கிழக்கு அறையில் பீமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில், முடியளவு வெடிப்பு ஒன்று ஓடியிருக்கிறது. மேஸ்திரி வந்து நகத்தால் கீறிப் பார்த்தார். கட்டமைப்பில் குறை இல்லை. இரண்டு வேறு பொருள்கள் சேரும் இடம் என்பதால் பூச்சு விட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வரும் பூச்சு வெடிப்பு அவர் பொறுப்பு என்பதால், ஐப்பசி மழைக்கு முன் உடைத்துப் பூசித் தருவதாக நோட்டில் தேதியிட்டு எழுதினார். ஆனால் வெடிப்பு வராமலிருக்க அந்த இணைப்பில் வலை அடிக்க வேண்டும் என்று ஆறு பக்கத்தில் ஓரிடத்திலும் நாங்கள் எழுதவில்லை. அடுத்த ஆண்டு தங்கை கருங்கல் ஊரில் வீடு கட்டத் தொடங்குகிறாள். அவளுக்கு எடுத்து வைத்த பிரதியின் ஓரத்தில் பென்சிலால் சேர்த்தேன்: "கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடமெல்லாம் ஓர் அடி அகலத்துக்குக் கோழிவலை அடித்த பிறகே பூச வேண்டும்."