சானி கணவாயில் எரிமலை வாயைத் தேடாதீர்கள்

டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குப் போய் சானி கணவாய் ஏறுகிறவர்கள் தவறாமல் கேட்பது: "எரிமலைன்னீங்களே, அதோட வாய் எங்கே?" வாய் கிடையாது. சுமார் 18.2 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கிய காலத்தில், தரையில் நீளநீளமாக வெடிப்பு விட்டு எரிமலைக் குழம்பு வழிந்தது. அடுக்கு மேல் அடுக்காக உறைந்ததில் இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 1,400 மீட்டர் கனம். குவாசூலு-நட்டால் மாகாணத்தையும் லெசோத்தோ நாட்டையும் பிரிக்கும் எல்லை அந்த அடுக்கின் விளிம்பிலேயே ஓடுகிறது.

ஏறும்போது முதலில் வெளிறிய கிளாரன்ஸ் மணற்கல் வரும், பழைய பாலைவனக் காற்று குவித்த மணல். இங்கே வாழ்ந்த வேட்டைக்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்கள் பெரும்பாலும் இதன் குடைவுகளில்தான். அதற்கு மேல் எல்லாம் கறுப்பு பசால்ட், அந்தக் குழம்பு உறைந்த கல்.

சாலையோர வெட்டில் ஓரடுக்கை மட்டும் உற்றுப் பாருங்கள். நடுப்பகுதி இறுகியிருக்கும். மேல்பகுதி ஆப்பம்போல் பொத்தல் பொத்தலாக இருக்கும். மேலேறிய வாயு வெளியேறுமுன் குழம்பு உறைந்துவிட்டது. பொத்தல்களுக்குள் வெள்ளையாக அடைத்திருப்பதையெல்லாம் குவார்ட்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். உதிர்ந்து கிடக்கும் துண்டில் எஃகுக் கத்தி முனையால் கீறுங்கள். கீறல் விழாவிட்டால் குவார்ட்ஸ். விழுந்தால் அதைவிட மென்மையான கனிமங்களான சியோலைட் அல்லது கால்சைட். கீறிய பொடியில் வினிகர் விட்டு நுரைத்தால் கால்சைட். பார்த்த கல்லை அங்கேயே போட்டுவிடுங்கள், பூங்காவிலிருந்து எடுத்துவரக் கூடாது.

பசால்ட்டோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கல் டோலரைட். அதே குழம்புதான், ஆனால் வெடிப்புக்குள்ளேயே மெதுவாக ஆறியது. அதனால் லென்ஸில் கனிம மணிகள் தனித்தனியாகத் தெரியும், அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சுவர்போல் நிற்கும்.

கணவாய் ஏறினால் லெசோத்தோவுக்குள் போகிறீர்கள், பாஸ்போர்ட் கட்டாயம். ஃபோர்-வீல் டிரைவ் இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலேயே திருப்பிவிடுவார்கள். அந்தச் சாவடி கீழே, லெசோத்தோ சாவடி 2,876 மீட்டரில். முத்திரை குத்தி 'வெளியேறிய' பிறகும் உச்சிவரை தென்னாப்பிரிக்க மண்ணில்தான் ஏறுகிறீர்கள், இது வேடிக்கை! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிழல் விழும் மேல் வளைவுகளில் பனி உறைந்திருக்கும். காலை வெயில் ஏறிய பின் கிளம்புவதே நல்லது.

உச்சியில் விழும் மழையும் இரண்டாகப் பிரியும். கிழக்கே விழுந்தது உம்கோமாசி ஆறு வழியே இந்தியப் பெருங்கடலுக்கு. மேற்கே விழுந்தது, லெசோத்தோவில் சென்கு எனப்படும் ஆரஞ்சு ஆறு வழியே அட்லாண்டிக்குக்கு.