பாறைச் சாமிக்கு ஒரு கட்டி சூடம்

மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றபோது, பழனிக்கு நடந்தே வருவதாக அத்தை நேர்ந்துகொண்டார். பேச்சு வந்துவிட்டது; அத்தையின் முழங்கால்தான் போய்விட்டது. முருகனிடம் கடன் வைக்கக் கூடாதே, இந்தத் தைப்பூசத்துக்கு மருமகள் நான் மாலை போட்டுக்கொண்டேன்.

"நேரே மலைக்குப் போய்விடாதே. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பாறைச் சாமி இருப்பார். அவருக்குச் சூடம் ஏற்றிவிட்டுப் போ" என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை கால் சொன்னபடி கேட்டது. ரெட்டியார்சத்திரத்தில் குதிகால் கொப்புளம் உடைந்தது. அதன்பிறகு சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் தெரிந்தது. அன்னதானப் பந்தலில் காலைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டுவிட்ட அம்மா யாரென்று தெரியாது. அவர் குலம் தழைக்கட்டும். நடப்பவர்களை உரசிக்கொண்டு ஹாரன் அடித்துப் பறந்த கார்களும் பழனிக்குத்தான் போகின்றன என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பாறை ஆள் உயரம்கூட இல்லை. கோபுரம் கிடையாது, உண்டியல் கிடையாது. புளியமரத்தடியில், சாலையைப் பார்த்த பக்கத்துக்கு வெள்ளையடித்து, மூன்று விபூதிப் பட்டை, குங்குமப் பொட்டு, அகன்ற கண்கள், ஓரத்தில் சிவப்பாய் ஒரு வேல். 'பாறைச் சாமி' என்று சொல்லித்தான் அந்தப் பக்கத்தார் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறார்கள். லாரிகள்கூட வேகத்தைக் குறைத்துத்தான் கடக்கின்றன.

நான் போன நேரம் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் எழுதிக்கொண்டிருந்தார். கறுப்பு எனாமல் டப்பா, மயிர் தேய்ந்த பிரஷ். வலது கண் முடிந்திருந்தது. இடது கண் வெறும் வெள்ளை. சூடத்தை எடுத்தேன்.

"பொறு தாயி, இந்தக் கண்ணையும் திறந்துவிடுகிறேன். பிறகு ஏற்று."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தார். பெயர்ந்திருந்த ஓரத்தில் பழைய பூச்சுகள் தெரிந்தன. வெள்ளைக்கு அடியில் நீலம், அதற்கடியில் காவி, அதற்கும் அடியில் ஒரு பச்சை. அத்தை கல்யாணமான புதிதில் கும்பிட்டது அந்தப் பச்சைச் சாமியாகவும் இருக்கலாம். கருவிழி விழுந்ததுதான் தாமதம், கல் என்னைப் பார்த்தது. அரோகரா சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கேட்பதற்கென்று வீட்டிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த எதையும் கேட்கவில்லை. பிள்ளை முதன்முதலில் 'அம்மா' என்றது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. பெரியவர் எதையும் கவனியாதவர்போல டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

பழனியில் சண்முக நதியில் முழுக்குப் போட்டு அடிவாரம் வந்தால், சீக்கிரமாக தரிசனம் பண்ணிவைப்பதாகக் கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள். உதறிவிட்டு 693 படியும் ஏறினேன். நெரிசலில் பக்கத்துக் காவடியின் மயிற்பீலி முகத்தை மறைக்க, நவபாஷாண மூர்த்தியை ராஜ அலங்காரத்தில் பார்த்தது கண்மூடித் திறக்கும் நேரம். அதற்குள் "நகருங்கள்" என்று முதுகில் ஒரு கை. போகட்டும், முருகா, அத்தனை பேருக்கும் நீ முகம் காட்ட வேண்டும். என்னை ஏற்கெனவே வழியிலேயே நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டாயே!

மகன் இப்போது வாய் மூடுவதேயில்லை. அடுத்த பூசத்துக்கு அவனையும் ஒட்டன்சத்திரத்திலிருந்து நடத்திக் கூட்டிவருவதாக வேண்டியிருக்கிறேன். வழிநெடுக அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தெம்பையும் நீயே கொடுத்துவிடு, தண்டாயுதபாணி.