பாப்பிலரி ஸ்லைடா? உள்ளே ஒரு பார்வை, சுவரில் ஒரு பார்வை

எம்.டி. பேத்தாலஜி ரிசல்ட் வந்தாச்சு, பாஸ். ஜூனியர்கள் எல்லாரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: மார்பகத்தின் பாப்பிலரி (விரல் போல் கிளைவிட்டு வளரும்) கட்டிகளை எப்படிப் படித்தாய்?

ஸ்டடி லீவில் கோத்தகிரி வீட்டில் இருந்தேன். மழையில் கரண்ட் போனால் நெட்டும் போகும். வீடியோவை நம்பாமல் பென்சில் எடுத்தேன். எனக்கு எதையும் வரைந்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு வட்டம் (அதுதான் சுவர்), உள்ளே கிளைவிட்ட பாப்பிலா (விரல் போன்ற மடிப்பு), மயோஎபிதீலியல் செல்லுக்கு (மேல் செல்களுக்கு அடியில் வரிசையாக இருக்கும் சுருங்கும் செல்) சிவப்புப் புள்ளி.

- பாப்பிலோமா (கேன்சர் அல்லாத கட்டி): உள்ளேயும் சுவரிலும் புள்ளி.
- பாப்பிலரி டிசிஐஎஸ் (பால் குழாயைத் தாண்டாத கேன்சர்): உள்ளே இல்லை, சுவரில் உண்டு.
- என்கேப்சுலேட்டட் பாப்பிலரி கார்சினோமா: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, சுற்றிலும் தடித்த நார் உறை.
- சாலிட் பாப்பிலரி கார்சினோமா: செல்கள் நெருங்கி அடைத்திருக்கும், பாப்பிலாவின் நடுத்தண்டை (கோர்) தேட வேண்டும். இஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) சாயம் பளிச்சென்று பாசிட்டிவ்; நியூரோஎண்டோகிரைன் மார்க்கரான சினாப்டோஃபைசினும் அடிக்கடி பாசிட்டிவ்.

அம்மா நோட்டை எட்டிப் பார்த்து, "ஏன் கண்ணு, புள்ளி இல்லைன்னா பரவுற கேன்சரா?" என்றார். வைவாவில் எக்ஸாமினர் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான்! மூன்றாவது வகையில் சுவரில் மயோஎபிதீலியம் இல்லாவிட்டாலும், உறையைத் தாண்டித் தெளிவான ஊடுருவல் இல்லையென்றால் ஸ்டேஜ் பிடிஐஎஸ் (pTis, ஊடுருவாத நிலை) தான். ஊடுருவல் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அளந்து pT ஸ்டேஜ் போடுங்கள். ஹை கிரேடு என்றால் கதை வேறு, அதை இன்வேசிவ் போலவே நடத்த வேண்டும். இந்த ஒரு பதிலுக்கே பாதி வைவா ஓடியது. மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மயோஎபிதீலியல் செல்லைக் காட்ட பி63 மார்க்கரை மட்டும் நம்ப வேண்டாம், கூடவே கால்போனினோ ஸ்மூத் மசில் மயோசினோ கேளுங்கள். ஆனால் மார்க்கர் பெயரை ஒப்பிக்கும் முன் ஹெச் அண்ட் இ (வழக்கமான சாய ஸ்லைடு) காட்டுவதைச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தந்த மைக்ரோஸ்கோப்பில் கன்டென்சர் ஆடிக்கொண்டே இருந்தது, அதைப் பிடித்தபடிதான் பேசினேன். புலம்ப நேரமில்லை.

அப்புறம், பாப்பிலோமாவுக்குள் லோ கிரேடு ஏட்டிபியா (இயல்பு மாறிய செல்கள்) 3 மி.மீ.க்குக் குறைந்தால் ஏடிஹெச் (ஏட்டிபிக்கல் டக்டல் ஹைப்பர்பிளாசியா), 3 மி.மீ. அல்லது கூடினால் டிசிஐஎஸ். நியூக்ளியர் கிரேடு கூடியிருந்தால் அளவு பார்க்க வேண்டாம், டிசிஐஎஸ்தான். சிகே5/6 (கெரட்டின் சாயம்) திட்டுத்திட்டாகப் பிடித்தால் சாதாரண ஹைப்பர்பிளாசியா (கேன்சர் அல்லாத செல் பெருக்கம்). அப்போக்ரைன் செல்லில் (வியர்வைச் சுரப்பி செல் போல் மாறியது) மட்டும் சிகே5/6-உம் இஆரும் இயல்பாகவே நெகட்டிவ், அங்கே அந்தச் சாயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உறைக்குள் சிதறிய செல் கூட்டம், பக்கத்தில் ரத்தக் கசிவு, ஹீமோசிடெரின் (பழைய ரத்தத்தின் இரும்புத் துகள்) என்று பார்த்தால் "முன்பே கோர் பயாப்ஸி (ஊசியால் திசு எடுப்பது) எடுத்தார்களா?" என்று எக்ஸாமினரையே கேளுங்கள். ஊசி இழுத்துவிட்ட செல்களை ஊடுருவல் என்று சொல்லிவைக்காதீர்கள்.