திருப்பூருக்கு வீட்டோடு கிளம்பினோம்

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததில் வீட்டு ஓடும் போச்சு, கொல்லையில் நின்ற தென்னையும் போச்சு. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் தனியாகத் திருப்பூர் போனார். ஆறேழு பேரோடு ஒரே ரூமில் தங்கி, பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போனார். பணம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒரு அடுப்பு, இங்கே ஒரு அடுப்பு என்று எரிந்தால் கையில் என்ன மிஞ்சும்? பையன் அப்பாவைப் பெரும்பாலும் போனில்தான் பார்த்தான்.

இந்த வருஷம் இவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டு, எனக்கும் அங்கேயே செக்கிங்கில் வேலை தருகிறார்கள் என்றார். நான் ஒன்றுதான் சொன்னேன், போனால் வீட்டோடு போவோம்.

"நீயும் போயிட்டா நெலத்த யாரு பாக்குறது?" என்று அத்தை கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களுக்குச் சம்பா ஒருபோகம், அதுவும் இப்போது நேரடி விதைப்பு, அறுப்புக்கு மெஷின். என் அம்மா காலத்தில் நாற்றுப் பறிப்பது, நடவு, களை, அறுப்பு என்று பெண்களுக்கு மாதக்கணக்கில் வயலில் கூலி இருந்தது. இப்போது களை எடுக்கிற கொஞ்ச நாளோடு முடிந்துவிடுகிறது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் போதும், அதற்காக ஒரு குடும்பமே ரெண்டாகக் கிடக்க வேண்டியதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பேசிப் பேசிக் கடைசியில் அத்தையே பாத்திரம் பண்டத்தைக் கட்ட உட்கார்ந்துவிட்டார்கள்.

பீரோவையும் கட்டிலையும் விற்றுவிட்டு அங்கே போய் வாங்கிக்கொள் என்று நிறைய பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. விற்கும்போது இரும்பு விலை, வாங்கும்போது கடை விலை. குட்டியானை வண்டி வாடகை அதில் கால்வாசிகூட வராது. பீரோ, கழற்றிய கட்டில், கிரைண்டர், தையல் மெஷின், பையனின் சைக்கிள் எல்லாம் ஏறியது. கூடவே ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விதை வாங்கி வந்து மாமா போட்டாரே, அந்த மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஒரு மூட்டை. சிவப்பரிசி அங்கே கிடைக்காது என்றில்லை, இது எங்கள் வயலில் விளைந்தது.

வைகாசி வெயில் என்பதால் விடியும் முன்பே கிளம்பினோம். வண்டியில் முன்னால் டிரைவரோடு நானும் பையனும், பின்னாலேயே பைக்கில் இவர். 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மன்னார்குடி தாண்டி வடுவூர் வரும்போது வெளுத்துவிட்டது. வழியெல்லாம் வாய்க்காலில் ஜேசிபி இறங்கித் தூர்வாரிக்கொண்டிருந்தது. மேட்டூரை ஜூன் 12 திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கிற வேலை. தண்ணீர் கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆகும், அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருவதற்குள் இன்னும் எத்தனையோ நாள். இந்தத் தடவை அது வரும்போது கரையில் நின்று பார்க்க நாங்கள் இருக்க மாட்டோம் என்று அங்கேதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது. டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினார், நல்ல மனிதர்.

தஞ்சாவூர் தாண்டி வல்லம் வந்ததும் மண் சிவந்துவிடுகிறது. திருச்சியிலிருந்து கரூர் வரை காவிரியை ஒட்டியே ரோடு. பெட்டவாய்த்தலை, குளித்தலை என்று வாழைத்தோட்டமாக வருகிறது. மாயனூர் கதவணையில் கொஞ்ச நேரம் நின்றோம். "நம்ம ஊருக்கு வர்ற தண்ணி இதாம்மா?" என்று பையன் கேட்டான். இதே ஆறுதான் என்றேன். எங்கள் ஊரில் வாய்க்காலாக மட்டுமே பார்த்தவனுக்கு அவ்வளவு அகலமான ஆற்றை நம்ப முடியவில்லை. கரூருக்கு அப்புறம் ஆறு இல்லை. வெள்ளக்கோவில், காங்கேயம் பக்கம் வெறும் மேட்டுக்காடு, களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. எனக்கு அந்த ரோட்டில் பயமாகத்தான் இருந்தது.

வீடு லைன் வீடு, கம்பெனிக்கு நடந்தே போகலாம். பால் காய்ச்சிய அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடம் தண்ணீர் கொடுத்தார், அவருக்குப் பேராவூரணி! இந்த லைனில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள்தான்.

கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரேஷன் கார்டை மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். கேஸுக்கு மட்டும் ஊரில் ஏஜென்சியிலேயே மாற்றல் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளின் டிசியை லீவிலேயே கேட்டுவிடுங்கள், பள்ளி திறந்தபின் அலைவது கஷ்டம்.

நிலத்தைக் கொழுந்தனாரிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். மூட்டைக் கணக்கு பேசியாகிவிட்டது, தை அறுப்பில் நெல் வரும். அதுவரைக்கும் ரேஷன் அரிசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாப்பிள்ளைச் சம்பா.