அவர் திரும்பி நின்றுகொண்டார்

"திறந்துகொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை." அம்தூதி களஞ்சியத்தின் காவலர் பேசியதில், கூட வந்த பையன் எனக்கு மொழிபெயர்த்தது இவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் அந்த அறைக் கதவைத் திறந்தேன்.

அது அனுமதியா, மறுப்பா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை கேட்டேன். முதல் தடவை, "வீட்டுக்காரர் வரட்டும்" என்றார். அடுத்த தடவை பதிலே இல்லை. மூன்றாம் தடவைதான் இந்த வார்த்தை. வற்புறுத்தினேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மொராக்கோவின் ஆன்டி அட்லஸ் மலையில் வாழும் அமாசிக் பூர்வகுடி மக்கள் இந்தக் களஞ்சியத்தை அகாதிர் என்கிறார்கள். கடலோர அகாதிர் நகரத்தின் பெயரும் இதே சொல்தான். பாறை உச்சியில் கோட்டை மாதிரி நிற்கும். உள்ளே குடும்பத்துக்கு ஓர் அறை. பார்லி, எண்ணெய், பாதாம், நகை, நிலப் பத்திரம் எல்லாம் அங்கேதான் இருந்தன. காவலரை அமீன் என்பார்கள். நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். வெளிக்கதவின் சாவி அவரிடம், அறைச் சாவி அந்தந்த வீட்டாரிடம். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

என் வேலை ஒவ்வோர் அறையாக அளந்து, படம் எடுத்து, படிவம் நிரப்புவது. நான் திறந்த அறைக்காரர்கள் எப்போதோ காசாபிளாங்காவுக்குக் கடை வைக்கப் போய்விட்டார்கள். மரப்பூட்டு உளுத்து, இழுத்தால் கையோடு வரும் நிலையில் இருந்தது.

என் பக்கத்து நியாயமும் உண்டு. 2023 செப்டம்பர் 8 இரவு மொராக்கோவின் ஹை அட்லஸ் மலையில் 6.8 அளவில் நிலநடுக்கம். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் இறந்தார்கள். அங்கிருந்த 12ஆம் நூற்றாண்டின் தின்மல் மசூதி, சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே பெரும்பகுதி இடிந்து விழுந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு, இன்றே பதிந்துவிட வேண்டும் என்ற பதற்றம் இருக்கத்தான் செய்யும்.

சரி, எதைப் பதிந்தேன்? கதவின் அடியில் பூனை நுழைய விட்ட ஓட்டை வழியே கொஞ்சம் வெளிச்சம். மூலையில் நாலைந்து நாணல் குழல்கள், வாயில் துணி அடைத்து. பத்திரங்களை அப்படித்தான் சுருட்டி வைப்பார்கள். ஒன்றில் துணியை எடுத்தேன். பழுத்த காகிதத்தின் விளிம்பு தெரிந்தது. படம் எடுத்துவிட்டு அப்படியே அடைத்து வைத்தேன்.

வெளியே வந்தபோது காவலர் எதுவும் கேட்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்துக் கதவை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

அன்று மாலை படிவத்தில் "உள்ளே பொருள் இல்லை" என்று எழுதினேன். பதிவுக்காகத்தான் திறந்தேன் என்பவன், பதிவிலேயே பொய் எழுதினேன். அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினேனா, என்னையா?

படத்தை அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. முகவரி தெரிந்தவர் அந்தக் காவலர் ஒருவர்தான். அவரிடம் கேட்பதென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும்.