வியாழக்கிழமை எட்டு மணி

டிசம்பர் 9

உளவியல் ஆலோசகரிடமிருந்து படிவம் வந்துவிட்டது. பெயருக்கு ஒரு கட்டம். அதன் கீழேயே "உங்களை எப்படிக் கூப்பிடலாம்?" என்று இன்னொரு கட்டம். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் நாலு கேள்வி: பெயர், எண், நீங்கள் இங்கே பேசுவது அவருக்குத் தெரியுமா, தெரியாதென்றால் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

என் காதலி தே. பெயரைப் போட்டேன். அழித்தேன். அண்ணன் பெயரைப் போட்டேன். அழித்தேன்.

டிசம்பர் 10

இன்னும் அனுப்பவில்லை.

டிசம்பர் 12

மத்தியானம் பாங்க் மாடியில் நின்று அந்த ஆலோசகர் மேடத்தோடு பேசினேன். பதினைந்து நிமிஷம், காசு கிடையாது. அவர் என்னை எடை போட அல்ல, அவர் எனக்குச் சரிப்படுவாரா என்று நான் பார்த்துக்கொள்ள. செலான் பின்பக்கம் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன், லோன் விசாரிக்கிற பழக்கம் போகுமா.

ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு உண்டா? உண்டு. எண் கொடுத்தார், கவுன்சில் தளத்தில் தேடினேன், இருக்கிறது. பெண்ணே பெண்ணைக் காதலிக்கிற எங்களைப் போன்றவர்களோடு வேலை செய்ய என்ன படித்தார்? மும்பையில் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் நடத்துகிற பயிற்சி. மாத்திரை? எழுத மாட்டார், அது மனநல மருத்துவர் வேலை, தேவைப்பட்டால் என்னைக் கேட்டுத்தான் அனுப்புவார். எத்தனை வாரம் ஆகும் என்பதற்கு மட்டும் நேராகப் பதில் வரவில்லை. "நாலஞ்சு தடவ பேசிட்டு, உங்களுக்கு உதவுதான்னு ரெண்டு பேருமா பார்ப்போம். சரிப்படலைன்னா வேற ஆள் பேர் நானே தர்றேன்."

கடைசிக் கேள்வி வாயில் வரவில்லை. அவரே சொன்னார். "மாத்துறது என் வேலை இல்லீங்க. மாத்தணும்னு வேற யாராச்சும் சொல்லியிருந்தா அதப் பத்திப் பேசலாம்."

படிவத்தை அனுப்பிவிட்டேன். அவசரத்துக்குத் தே.தான்.

டிசம்பர் 13

கார்த்திகை. பிள்ளையார் நோன்புக்கு ஆத்தா புது வேட்டியிலிருந்து முதல் இழையை உருவி எடுத்து வைத்துவிட்டார்கள். இனி நோன்பு முடிகிற வரை அதுதான் பேச்சு.

டிசம்பர் 15

எங்கே உட்கார்ந்து பேசுவது?

இவ்வளவு பெரிய வீட்டில் ஓர் ஆள் ரகசியம் பேச இடமில்லை. வளவைச் சுற்றி, நடு முற்றத்தைத்தான், வரிசையாக அறைகள், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இத்தனை என்று பிரித்து எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும். எங்கள் பங்கில் இருப்பது இரண்டு. ஒன்று அண்ணன் கல்யாணமானதும் அவருக்கு என்று ஆனது. இன்னொன்றில் அண்ணமிண்டியின், அதாவது அண்ணன் மனைவியின், சீர்ச் சாமான். பெண் பிள்ளைக்கு அறை போகிற வீட்டில்தான். போகாதவள் அப்பத்தாவோடு பட்டாலைக் கூடத்தில் பாய் போட வேண்டியது.

இரண்டாம் கட்டில் கிசுகிசுத்தால் முகப்பில் அப்பச்சி, என் அப்பா, நிமிர்ந்து பார்ப்பார்கள், அப்படி எதிரொலிக்கும். மெத்தைக்கு, மாடிக்குத்தான், போகலாம், அங்கே சிக்னலும் உண்டு. ஆனால் எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைக்கு மெத்தையில் என்ன வேலை என்று அப்பத்தா கேட்பார்கள்.

அண்ணன் காரில் உட்காரலாம் என்று முடிவு. ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லியாகிவிட்டது. "அதுக்கு ஏன் காருக்குள்ள?" என்றார்கள் ஆத்தா. ஏசி என்றேன்.

டிசம்பர் 19

முடிந்தது. 50 நிமிஷம் சரியாக.

முதலில் ரகசியம் பற்றித்தான் பேசினார். 2017 மனநலச் சட்டப்படி நான் சொல்வது வெளியே போகாது. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் கேட்டால், இப்படிச் சில நேரம் மட்டும், அதுவும் முடிந்தவரை என்னிடம் சொல்லிவிட்டு. நடு ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசில்லை. அப்புறம், "யாராச்சும் பக்கத்துல வந்தா நமக்குள்ள ஒரு அடையாளச் சொல் வச்சுக்குவோமா?" 'கேஒய்சி பெண்டிங்' என்று வைத்திருக்கிறோம், பாங்கில் வாடிக்கையாளர் அடையாளம் சரிபார்க்கிற வேலை பாக்கி என்கிற மாதிரி.

எப்போதிலிருந்து, எதனால், யாராவது சின்ன வயதில் ஏதும் செய்தார்களா, எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார் என்று கேட்டார். குடும்ப மரம் வரைந்துகொண்டே வந்தவர் பங்காளிகளிடம் வந்ததும் தடுமாறிவிட்டார். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் என்றால் ஏன் கட்டிக்கொள்ள மாட்டார்கள், அண்ணமிண்டி என்றால் யார், எல்லாம் பாடம் எடுத்தேன். பேப்பர் பத்தவில்லை, இன்னொன்று எடுத்து ஒட்டிக்கொண்டார். சிரித்துவிட்டேன். தே.வை எங்கே வைக்க என்று கேட்டார்.

மரத்தில். எங்கள் மரத்தில் தே.வை.

என் பெயருக்குப் பக்கத்தில் என்றேன். ஒரு கோடு போட்டு வைத்தார்.

டிசம்பர் 20

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. பேசிவிட்டு வந்தால் லேசாக இருக்கும் என்று யார் சொன்னது?

டிசம்பர் 22

அந்தப் பழைய டாக்டர் சீட்டு இன்னும் என் எம்.காம். ஃபைலில்தான் இருக்கிறது. "கல்யாணம் பண்ணி வைங்க, ஒரு புள்ள பொறந்தா சரியாயிரும்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆத்தாவைப் பார்த்து. கூடவே மாத்திரை. ஆத்தா அதைத் தினம் பாலோடு கொண்டு வந்து தருவார்கள். எதற்கு என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அந்த வருஷம் முழுக்க பாங்க் பரீட்சைக்குப் படித்த எதுவும் தலையில் நிற்கவில்லை.

ராத்திரி பூராவும் போனில் தேடிக்கொண்டிருந்தேன். 2021 ஜூன் 7, சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து கிளம்பிப்போன இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. 'குணப்படுத்துகிறோம்' என்று யாரும் கை வைக்கக் கூடாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். அதற்கு முன்னால் தனக்கு இதில் சரியான புரிதல் இல்லை என்று அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது தொழில்முறைக் குற்றம் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். நான் அப்போது பிறக்கவே இல்லை. அப்படியானால் அந்தப் பால் டம்ளர் எதற்கு?

மதுரை இங்கிருந்து இரண்டு மணி நேரம். அந்தப் பெண்களுக்கு என் வயதுகூட இருக்காது.

டிசம்பர் 26

சீட்டைப் படித்துக் காட்டினேன். மேடம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது சிகிச்சை இல்ல. உங்களுக்கு நடந்த தப்பு" என்றார். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுத வழி இருக்கிறது, எழுதச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், எப்போது தோன்றினாலும் உட்கார்ந்து எழுதலாம் என்றார். நான் ஆத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பச்சி வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். கையில் டார்ச்.

"கேஒய்சி பெண்டிங் மேடம்."

"ஓகே, எத்தனை அக்கவுண்ட்?" என்றார் ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"நாப்பது இருக்கும்."

அப்பச்சி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "இந்நேரத்துக்கு என்னத்தா வேலை, கொசுக்கடியில. மேனேசர்ட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பூட்டப் போனார்கள். கண்ணைப் பார்த்தார்களா தெரியவில்லை. உள்ளே விளக்கில்லை. போன் வெளிச்சம் மட்டும்.

டிசம்பர் 27

பாஸ்புக் பதிந்துகொண்டு வர அண்ணன் போவார். ஜிபேயில் யாருக்குப் போனது என்று பெயர் விழும். பாங்கிலேயே வேலை பார்த்துக்கொண்டு இது இப்போதுதான் உறைக்கிறது. சம்பள அக்கவுண்ட்டை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்று. "ஏன், திடீர்னு?" கேஒய்சி என்றேன்.

டிசம்பர் 31

தே. சொல்கிறாள்: "சொல்லித் தொலையேன். என் வீட்ல ஆறு மாசம் பேசல, இப்ப உனக்குச் சேத்துதான் தீபாவளிக்குச் சேலை எடுக்கறாங்க." கோயம்புத்தூரில் இருக்கிற அவள் அப்பா அம்மா வேறு மாதிரி. இங்கே ஊர் மொத்தமும் பங்காளி.

ஜனவரி 2

இன்று மேடத்தோடு சண்டை.

தை பிறந்தால் தேவகோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், சாதகம் பொருந்திவிட்டது, நான் என்ன செய்ய, சொல்லட்டுமா வேண்டாமா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. "சொன்னாதான் நீங்க நேர்மையானவங்கன்னு இல்ல. சொல்லாம இருக்கறதும் ஒரு முடிவுதான்." இதற்கா காசு வாங்குகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். கோபப்படவில்லை. "கேட்டது நல்லது" என்றார். அது இன்னும் எரிச்சல்.

பிறகு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார். சொன்னால் அன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்? சர்டிபிகேட், ஆதார் யாரிடம்? மூணு மாசச் செலவுக்குக் கையில் இருக்கிறதா? போனைப் பிடுங்கினால் தே. நம்பர் மனப்பாடமா? வீட்டில் யார் முதலில் அடங்குவார்கள், யார் கடைசி வரை அடங்க மாட்டார்கள்?

அப்பத்தா முதலில். இது எனக்கே தெரியாமல் வாயில் வந்தது.

நகை லாக்கரில். அப்பச்சியும் நானும் சேர்ந்து எடுத்தது, எய்தர் ஆர் சர்வைவர், யார் வேண்டுமானாலும் தனியாகத் திறக்கலாம். தினம் பத்துப் பேருக்கு இந்த விதியைச் சொல்கிறேன்.

ஜனவரி 6

பிள்ளையார் நோன்பு முடிந்தது. 21 இழையையும் திரித்து, மாவில் செருகி, ஏற்றி, அப்பச்சி ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்தார்கள். எரிகிற திரியோடு வாயில் போட வேண்டும். பல்லில் படுவதற்குள் உதட்டை மூடினால் அணைந்துவிடும், தயங்கினால் சுடும். வெல்லமும் நெய்யும் கருகின நூலும் சேர்ந்த ருசி. அண்ணமிண்டி மாசமாக இருப்பதால் அவர்களுக்கு இரண்டு.

ஆத்தா பக்கத்தில் வந்து, "அடுத்த நோன்புக்கு நீ உன் வீட்ல எடுப்ப" என்றார்கள். சந்தோஷமாகத்தான் சொன்னார்கள்.

ஜனவரி 7

ஆத்தாவுக்கு அந்த மாத்திரை என்னவென்று தெரிந்திருக்காது. தெரிந்திருக்குமோ.

ஜனவரி 9

அழாமல் பேசினேன். ஆத்தாவின் மேல் கோபமும் இருக்கலாம், பாசமும் இருக்கலாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். நம்பினேனா தெரியவில்லை.

அடுத்த வியாழன் 16, பொங்கல் விடுமுறை, மேடம் இல்லை. இனி 23தான். தேவகோட்டைக்காரர்கள் வருவது 17. கேட்டபோதே நெஞ்சை அடைத்தது. இடையில் ஒரு பத்து நிமிஷம் வேண்டுமானால் 15ஆம் தேதி பேசலாம் என்றார். வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 15

கேட்டு வாங்கிப் பேசினேன். பத்து நிமிஷம், மாட்டுப் பொங்கல் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "வர்றவங்க முன்னாடி முடிவு சொல்லணும்னு இல்ல. 'எனக்கு டைம் வேணும்'னு ஒரு வரி போதும். அத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லலாம்." குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு டைம் வேணும், அப்பச்சி. எனக்கு டைம் வேணும், ஆத்தா. டைம் என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள்.

ஜனவரி 17

காலையிலிருந்தே பட்டாலையில் பாய் விரித்தாகிவிட்டது. பணியாரத்துக்கு மாவு கரைத்து வைத்திருக்கிறது. சர்டிபிகேட் ஃபைல் பாங்கில் என் டிராயரில், லாக்கர் சாவி கைப்பையில். அப்பத்தா கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், தலையைக் கோதினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நாலரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் இப்போதே காரைக்குடி தாண்டிவிட்டார்களாம்.