ஐயாயிரம் ரூபாயும் ஒரு வாடகை வீடும்: மார்கழி நாட்குறிப்பு

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் சேலத்திலிருந்து வருகிறது. அதற்குள் இந்த ஹாலை மனிதர்கள் உட்காருகிற இடமாக ஆக்கிவிட வேண்டும்.

ஆவணியில் குடிவந்த வீடு. ஈரோடு கருங்கல்பாளையத்தில் தளம் போட்ட பழைய தார்சு வீடு. காவி சிமெண்ட் தரை, உயரமான கூரை, ஜன்னலைத் திறந்தால் காற்று. இதெல்லாம் இருந்தும் ஹாலில் யாருக்கும் பத்து நிமிஷம் உட்காரப் பிடிப்பதில்லை. பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர், உச்சியில் வெள்ளை ட்யூப் லைட். டோக்கன் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருப்பது மாதிரி ஒரு உணர்வு.

தீபாவளி போனஸில் ஒதுக்கிய ஐயாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று கணவரிடமும் சொல்லிவிட்டேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 18, புதன்

இன்றைக்குச் செலவே இல்லாத வேலை. ஹாலில் இருந்ததையெல்லாம் தூக்கி உள் அறையில் போட்டேன். கல்யாணத்தில் வந்த பொம்மைகள், உடைந்த சுவர்க் கடிகாரம், மூன்று வருஷத்துக் காலண்டர்கள், யாரும் உட்காராத பிளாஸ்டிக் நாற்காலிகள். காலியான ஹாலைப் பார்த்த பிறகுதான் அது சின்ன ஹால் இல்லை என்பது தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன், கேள்வி கேட்டுக் கேட்டு. பாதி திரும்பவில்லை.

அத்தைக்கு மட்டும் வருத்தம். அந்தக் கண்ணாடி மயில் அவருடைய அண்ணன் கொடுத்ததாம். சரி, மயிலுக்கு இடம் உண்டு. ஆனால் ஒன்பது பொம்மைகளோடு சேர்த்து இல்லை, தனியாக.

டிசம்பர் 20, வெள்ளி

வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்கப் போனேன்.

"பெயிண்ட் அடிச்சுக்கோ கண்ணு, யாரு வேண்டாங்கறா. ஆணி மட்டும் அடிச்சராத. பழைய பூச்சு, பொலபொலன்னு வந்துரும்."

"டிரில் போட்டு ரால்பிளக் வெச்சுக்கலாமுங்களா?"

"அதுன்னா செரி. காலி பண்றப்ப அடைச்சுக் குடுத்துரோணும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். சுத்தியலால் ஆணியை அடித்தால் அந்த அதிர்ச்சியில் பழைய பூச்சு வட்டமாகப் பெயர்ந்துவிடும். டிரில் துளை சுத்தமாக இருக்கும், அதில் ரால்பிளக் என்கிற பிளாஸ்டிக் உறையைச் செருகி ஸ்குரூ முடுக்கலாம், பிறகு கொஞ்சம் பட்டி வைத்து அடைத்தால் போதும். வாடகை வீட்டில் ஆணியே கூடாது என்று சண்டை பிடிக்கும் வீட்டுக்காரர்களிடம் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

சுவர் நாள். நான்கு சுவருக்கும் அடிக்கக் காசு கிடையாது. ஒரே ஒரு சுவர்தான். எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை: கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பது. காலை வெளிச்சம் முதலில் போய் விழுவது அங்கேதான். அங்கே என்ன நிறமோ அதுதான் திரும்பி ஹால் முழுக்கப் பரவும்.

கடையில் கொடுக்கும் நிற அட்டையை நம்பி வாங்கக் கூடாது. உள்ளங்கையில் இருக்கும் நிறம் சுவர் முழுக்க வந்தால் இன்னும் அழுத்தமாகத்தான் தெரியும். நமக்குப் பிடித்ததற்கு ஒரு படி மேலே, வெளிறியதாக எடுப்பது நல்லது. நான் எடுத்தது வெளுத்த சந்தன நிறம். ஒரு சார்ட் பேப்பரில் பூசிச் சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தேன்.

பழைய டிஸ்டெம்பர் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் நிற்காது. சுவரில் கையைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அந்த மாவோடு சேர்ந்து புதுப் பெயிண்டும் உரிந்து வரும். ஈரத்துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் பிரைமர், அப்புறம்தான் நிறம். அவர் உப்புத்தாள் போட்டதில் மூக்கு, புருவமெல்லாம் பச்சை. பத்துக்குப் பன்னிரண்டு அடிச் சுவருக்கு இரண்டு லிட்டரில் இரண்டு கோட் தாராளமாக வந்தது. பெயிண்ட் 560, பிரைமர் 140, பட்டி 60, உப்புத்தாள் 20, ரோலர் 110. ஆக 890.

டிசம்பர் 24, செவ்வாய்

நேற்று ராத்திரி கனி மார்க்கெட். ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்கு ஆன்லைனில் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை இது. பெரும்பாலும் மொத்த வியாபாரம்தான், வெளியூர்க் கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். சில்லறைக்கும் கொடுப்பவர்கள் உண்டு. பொங்கல் நெருங்குவதால் நிற்க இடமில்லை.

கரூரிலிருந்து வரும் எக்ஸ்போர்ட் மிச்சத் துணிகள்தான் என் குறி. மெத்தை விரிப்பு, திரைச்சீலை, மேஜைத் துணி என்று வெளிநாட்டுக்குப் போக வேண்டியவை, ஆர்டருக்கு மேல் நெய்தது, சின்னப் பிசிறு இருப்பது. துணியை விரித்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இழை அறுந்திருந்தால் அங்கே வெளிச்சம் கோடாக வரும். நிறத்தில் சின்ன வேறுபாடு என்பதற்காகத் தள்ளியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். திவானுக்கும் தலையணை உறைக்கும் சேர்த்துக் கெட்டியான பருத்தி, மண் நிறத்தில், 600 ரூபாய்க்கு.

சோபா போர்த்தச் சென்னிமலைப் போர்வை இரண்டு, 760. தனியாகச் சோபா கவர் தைக்கக் கொடுத்தால் தையற்கூலியே இதைத் தாண்டும். போர்வையைப் போர்த்தி ஓரங்களை இடுக்கில் நன்றாகச் செருகிவிட்டால் நழுவாது. துவைக்கவும் எளிது.

டிசம்பர் 27, வெள்ளி

திரைச்சீலைக்குத் துணியே வாங்கவில்லை. அம்மாவின் பழைய சின்னாளபட்டி சுங்குடிப் புடவைகள் இரண்டு பெட்டியில் கிடந்தன. கட்டவும் மனசில்லை, கொடுக்கவும் மனசில்லை.

கணக்கு இப்படி. புடவை ஐந்தரை மீட்டர். நடுவில் வெட்டினால் இரண்டே முக்கால் மீட்டரில் இரண்டு துண்டு. அகலம் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் திரை மடிப்பு மடிப்பாக விழும், இல்லாவிட்டால் விரித்துப் போட்ட துண்டு மாதிரி தட்டையாக நிற்கும். என் ஜன்னல் நான்கடி. இரண்டு துண்டும் சேர்ந்து ஏழரை அடிக்கு வருகிறது. ஆக ஒரு புடவை, ஒரு ஜன்னல்.

சுங்குடி பருத்தி என்பதால் வெயிலைத் தாங்கும். அத்தை தன் கோரா காட்டனைத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். கோராவில் பட்டிழை கலந்திருக்கிறது, வெயில் பட்டால் சீக்கிரமே இற்றுப்போகும்.

கம்பியை ஜன்னல் சட்டத்தின் மேல் வைக்காமல் கூரைக்கு ஒரு சாண் கீழே வைத்தோம். திரை கூரையிலிருந்து தரை வரை இறங்கினால் ஜன்னலே பெரிதாகத் தெரிகிறது. வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை நனைத்துக் காயவைத்தேன், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும் என்று. தையற்கூலி 160, கம்பி இரண்டு 360, டிரில் போட்ட எலக்ட்ரீஷியன் தம்பிக்கு 200.

காலை ஏழு மணிக்குச் சுங்குடியின் புள்ளிகள் தரையில் விழுகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் முடிச்சுப் போட்ட இடம் மட்டும் கொஞ்சம் கருமை. இத்தனை வருஷம் அம்மா கட்டிப் பார்த்தும் இதைக் கவனித்ததில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பவானி போய்ச் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஜமக்காளம் வாங்கி வந்தோம். என் பட்ஜெட்டில் பெரிய செலவு இதுதான், 950. இங்கே மட்டும் கஞ்சம் பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே நினைத்திருந்தேன். காலில் படுவது, பிள்ளைகள் உருளுவது, வந்தவர்கள் முதலில் பார்ப்பது எல்லாம் தரைதான்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறிக்கு என்றே ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று, 1985-ஆம் வருஷத்துச் சட்டம். சட்டம் இருந்தாலும் விசைத்தறியில் நெய்து பவானி பெயரில் விற்பதும் நடக்கிறது, சோலாப்பூர்ச் சரக்கு என்று பவானிக்காரர்களே புலம்புவார்கள். கைத்தறி கையில் கனமாக இருக்கும், மடித்தால் விறைப்பாக நிற்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு ஓடும். ஓரம் அங்கங்கே அரை விரல் உள்ளே வெளியே இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை.

சிவப்பும் கறுப்பும் பச்சையும் கலந்த கோடு. காவித் தரையில் விரித்ததும் அவர் சொன்னது: "இத்தனை நாள் தரை எங்க இருந்துச்சு?" இப்போது பிளாஸ்டிக் புல்லை விரித்து "கிரீன் கார்னர்" என்கிறார்கள். காவித் தரையை அதால் மூடுவதைவிட ஒன்றும் விரிக்காமல் விடலாம்.

ஜனவரி 2, 2025, வியாழன்

விளக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மொத்த வீட்டிலும் அதிகம் மாறியது இதனால்தான்.

பல்பு வாங்கும்போது வாட் மட்டும்தான் பார்க்கிறோம். அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் ஒரு கெல்வின் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பாதிக்கு மேல் அதுதான். 4000 நடுத்தரம். 2700, 3000 என்றால் மஞ்சள் கலந்தது. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் விலை ஒன்றுதான். சந்தனச் சுவரை 6500-இல் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. 3000-இல் அதே சுவர் உயிரோடு இருக்கிறது. பெயிண்ட் கடையில் இதை ஒருவரும் சொல்வதில்லை.

9 வாட், 3000 கெல்வின் பல்பு நான்கு, 440. இரண்டு ஹாலுக்கு, ஒன்று படுக்கையறைக்கு, ஒன்று வாசலுக்கு.

மூலையில் கூரையிலிருந்து ஒரு தொட்டில் கொக்கி தொங்குகிறது. இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் அதில் ஆடினவோ. சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அடியில் துளை போட்டு, ஹோல்டரும் வயரும் கோத்துத் தொங்கவிட்டோம். வயர், ஹோல்டர் 130. எல்.இ.டி. என்பதால் இது சரி, குண்டு பல்பின் சூட்டுக்குக் கூடை கருகிவிடும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. உச்சியிலிருந்து விழும் வெளிச்சம் முகத்தில் நிழல் போடும், பக்கவாட்டில் தாழ்வாக இருந்தால் எல்லோரும் அழகாகத் தெரிவார்கள், நாத்தனார் உட்பட.

அத்தைக்குச் சம்மதமில்லை. "இதென்ன சாமி, குண்டு பல்பு காலத்துக்கே போயிட்டீங்க. இதுல எப்படி அரிசியில கல்லுப் பாக்கறது?"

அவர் கேட்பது சரியான கேள்வி. அதனால் ட்யூப் லைட்டைக் கழற்றவில்லை. அது தனி ஸ்விட்சில் இருக்கிறது. கல் பொறுக்க, பிள்ளைக்குப் பாடம் சொல்ல அது, மற்ற நேரத்துக்கு இது. சமையலறையில் கை வைக்கவே இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

உள் அறையின் மேற்குச் சுவரில் அடியிலிருந்து மூன்றடிக்கு ஓதம். அந்தப் பக்கம் குளியலறை. உப்புப் பூத்துப் பெயிண்ட் செதில் செதிலாக வருகிறது. ஒட்டுத் தாள் வாங்கி மறைத்துவிடலாம் என்றார் அவர். மறைத்தால் ஈரம் தாளுக்குப் பின்னால் தங்கிப் பூசணம் பிடிக்கும். பிறகு தாளை உரித்தால் பூச்சும் கூடவே வரும்.

வீட்டுக்காரம்மாவின் யோசனை சுண்ணாம்பு. ஈரம் வெளியேற அது வழிவிடும், பெயிண்ட் மாதிரி மூடிக்கொள்ளாது. பழையதைச் சுரண்டி எடுத்து, கற்சுண்ணாம்பைத் தகர டின்னில் போட்டுத் தண்ணீர் விட்டேன். கொதித்துப் புகை கிளம்பியது. பிளாஸ்டிக் வாளியில் இதைச் செய்யவே கூடாது, குழந்தைகளையும் பக்கத்தில் விடக் கூடாது. ஆறியதும் துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கஞ்சி, சொட்டு நீலம். சுவரை நனைத்துவிட்டு நீர்க்க அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாத மாதிரி சுவர் அப்படியே தெரியும், காயக் காயத்தான் வெள்ளை ஏறும். சுண்ணாம்பு, நீலம், அடிக்கிற மட்டை எல்லாம் சேர்த்து 110. பீரோவையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாயிற்று.

ஜனவரி 9, வியாழன்

எதிர் வீட்டு அக்கா மணி பிளாண்ட் கொடி வெட்டிக் கொடுத்தார். அத்தையின் பித்தளைச் சொம்பில் நிற்கிறது. மயிலுக்குப் பக்கத்தில்.

ஜனவரி 13, திங்கள்

போகி. எங்கள் பக்கம் எரிப்பதைவிடக் காப்புக் கட்டுவதுதான் முக்கியம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலிலும் கூரையோரத்திலும் செருகினோம். மஞ்சளும் வெள்ளையும் பச்சையும். வாசல் பல்பும் மஞ்சள் என்பதால் ராத்திரி ஆவாரம்பூ தனியாக எடுத்துக் கொடுத்தது. இந்த அலங்காரத்துக்குச் செலவு இல்லை, அவர் காலையில் வண்டியில் போய்ப் பறித்து வந்தார்.

ஜனவரி 16, வியாழன்

நாத்தனார் இன்று மத்தியானம் கிளம்பினார். மூன்று நாளும் எல்லோரும் ஜமக்காளத்தில்தான், சோபா சும்மா கிடந்தது. போகும்போது பல்பு அட்டைப்பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மொத்தச் செலவு 4,750. மீதி 250. அத்தை இப்போது கூடை விளக்கைத்தான் போடச் சொல்கிறார், அரிசி புடைக்கும் நேரம் தவிர.

சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு ஓரம் மறுபடி கசிந்திருக்கிறது. இதை எந்தப் பூச்சும் சரிசெய்யாது, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். தை முடிவதற்குள் பிளம்பரை அனுப்புகிறேன், செலவு தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தச் சுவர்ப்பக்கம் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.